பேக்கரியில் உட்கார்ந்து மாற்றிய வேகம்

“ஓடும் இயந்திரத்தின் டிரைவில் கணினி வழியாக எந்த அளவை மாற்றுவதாக இருந்தாலும், அந்த இயந்திரத்தின் அருகில் பொறுப்பான ஒருவர் நிற்க வேண்டும். அவர் நிற்பது அதே இயந்திரத்தின் அருகில்தான் என்பதை மாற்றுபவர் முதலில் உறுதி செய்துகொள்ள வேண்டும்.”

எங்கள் கம்பெனியின் பணிமுறைக் கையேட்டில் இது ஏழாவது விதி. நீங்கள் வேலையில் சேர்ந்த அன்று கையேட்டைக் கொடுத்து, படித்துவிட்டதாகக் கையெழுத்தும் வாங்கியிருப்பார்கள். படித்திருக்க மாட்டீர்கள். குறையாகச் சொல்லவில்லை. அந்த விதியை எழுதியவன் நான்தான். எழுதி முடித்த பிறகு நானும் அதைத் திரும்பப் படித்ததில்லை. எழுதியவனுக்கு எல்லாம் மனப்பாடம் என்று ஒரு நினைப்பு இருக்கும். மனப்பாடமாக இருப்பது வேறு, வேண்டிய நேரத்தில் நினைவுக்கு வருவது வேறு என்று தெரிந்துகொள்ள எனக்கு முப்பத்து நான்கு வருட சர்வீஸ் தேவைப்பட்டது.

நடந்தது, நான் ஓய்வு பெறுவதற்கு ஒன்பது மாதம் முன்பு. திருப்பூரில் ஒரு டையிங். பின்னலாடைத் துணிக்குச் சாயம் ஏற்றும் சாஃப்ட்ஃப்ளோ மெஷின்கள் பதினொன்று அங்கே ஒரே வரிசையில் நிற்கும். துணியைக் கயிறு போலத் திரித்து உள்ளே விட்டால், ஒரு ரீல் அதை இழுத்து இழுத்துச் சுற்றவிடும். சாயத் தண்ணீரை ஒரு பம்ப் தள்ளும். ரீல் வேகமும் பம்ப் வேகமும் ஒத்துப்போனால் சாயம் சீராக ஏறும். ரீல் முந்தினால் துணி முடிச்சு விழும், மடிப்புக் கோடு விழும், ஒரு பக்கம் அடர்ந்தும் ஒரு பக்கம் வெளுத்தும் போகும். அந்த ரீல் மோட்டாரின் வேகத்தைப் பிடித்து வைத்திருப்பது நாம் பொருத்தும் மின்கருவியான டிரைவ்.

அந்த டிரைவ்களை எல்லாம் ஒரே கேபிளில் கோத்து, மேல்மாடி அலுவலகத்திலுள்ள கணினியோடு இணைக்கும் வேலையை நான்தான் செய்து கொடுத்தேன். ஒவ்வொரு டிரைவுக்கும் ஓர் எண் கொடுக்க வேண்டும். கேட்டிலிருந்து எண்ணிக்கொண்டே போனேன். ஏழு வரை சிக்கல் இல்லை. அடுத்து நின்ற மெஷினின் நெற்றியில் சிவப்புப் பெயிண்டில் ஒன்பது என்று எழுதியிருந்தது.

“எட்டு எங்கேங்க?” என்று முதலாளியைக் கேட்டேன்.

“எட்டு நமக்கு ஆகாதுங்க சார்,” என்றார். “மொதல்ல எட்டுன்னு போட்டு ஓட்டுனமுங்க. ஒரே வருசத்துல மூணு வாட்டி மோட்டார் எரிஞ்சு போச்சு. ஒம்பதுன்னு மாத்தி எழுதுனதுல இருந்து ஒரு தொந்தரவும் இல்லீங்க.”

முன்பு மூன்று முறை எரிந்ததற்குக் காரணம் பேனலுக்குள் படிந்த பஞ்சுதான் என்றும், பெயிண்ட் அடித்த நாளில் யாரோ பேனலையும் துடைத்திருப்பார்கள் என்றும் எனக்குத் தோன்றியது. தோன்றியதோடு நிறுத்தியிருக்கலாம்.

“என்ற கம்ப்யூட்டருக்கு ராகு காலம் எமகண்டமெல்லாம் தெரியாதுங்க. அதுல எட்டு எட்டாத்தான் இருக்கும்,” என்றேன்.

அவர் சிரித்துக்கொண்டார். “உங்க கம்ப்யூட்டருக்குள்ள நீங்க என்ன வேணாலும் வெச்சுக்குங்க. என்ற கண்ணுக்கு எட்டு தெரியக்கூடாது, அவ்வளவுதானுங்க.”

அப்படியே செய்தேன். முதலாளி பார்க்கும் திரையில் மெஷின் பெயர்களை அவர்கள் சுவரில் எழுதியிருந்தபடியே கொடுத்தேன்: ஏழுக்கு அடுத்து ஒன்பது, பத்து, பதினொன்று, பன்னிரண்டு. டிரைவ்களை அமைக்க நான் மட்டும் திறக்கும் மென்பொருளில் எண்கள் ஒன்றிலிருந்து பதினொன்று வரை வரிசையாகவே இருந்தன. அதாவது அவர்களுடைய ஒன்பது எனக்கு எட்டு. அவர்களுடைய பத்து எனக்கு ஒன்பது. அந்தக் கணக்கு அன்றைக்கு என் தலையில் இருந்தது. எங்கும் எழுதி வைக்கவில்லை. மூடநம்பிக்கைக்கு இடம் கொடுக்காத மனிதன் என்ற பெருமையை மட்டும் வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போனேன்.

ஆறு மாதம் எல்லாம் ஒழுங்காக ஓடியது.

ஆயுத பூஜை முடிந்து இரண்டாவது வாரம், சனிக்கிழமை, காலை பதினொன்றே கால் இருக்கும். சோமனூரில் ஒரு விசைத்தறிக் கூடத்தில் வேலையை முடித்துவிட்டு, எதிரே இருந்த பேக்கரியில் டீயும் தேங்காய் பன்னும் வாங்கி உட்கார்ந்தேன். டையிங் மாஸ்டரிடமிருந்து போன் வந்தது. சாயத்தின் கலவை, சூடு, நேரம் எல்லாவற்றுக்கும் பொறுப்பானவர் மாஸ்டர். டையிங்கில் முதலாளிக்கு அடுத்தபடி அவர் சொல்வதுதான்.

“சார், ஒம்பதாம் நம்பர்ல ரீல் வேகம் பத்தலீங்க. நாப்பதுக்கு மேல ஏற மாட்டேங்குது. மத்தியானம் ஒரு கனமான துணி லோடு பண்ணோணும். அம்பது வரைக்கும் போற மாதிரி உட்ருங்க.”

“மெஷின்ல இப்ப துணி இருக்குதுங்களா?”

“இல்லீங்க, காலியாத்தான் நிக்குது.”

லேப்டாப்பைத் திறந்தேன். கைப்பேசியின் இணையத்தில் இணைத்து, திருப்பூரிலுள்ள அவர்கள் கணினிக்குள் நுழைந்தேன். ஒன்பதைத் திறந்தேன். உச்ச வேகம் நாற்பது என்று இருந்தது. மாஸ்டர் சொன்னதோடு பொருந்தியது. பக்கத்திலேயே இன்னொரு கட்டத்தில் மோட்டாரின் இப்போதைய வேகம் தெரியும். அது சுழியமாக இல்லை. இருபதைச் சுற்றி ஆடிக்கொண்டிருந்தது.

காலியாக நிற்பதாகச் சொன்ன மெஷினில் ரீல் ஏன் சுற்றுகிறது என்று நான் கேட்டிருக்க வேண்டும். கழுவ விட்டிருப்பார்கள் என்று நானே பதில் சொல்லிக்கொண்டேன். நாற்பதை அழித்து ஐம்பது போட்டேன். மாற்றவா என்று மென்பொருள் கேட்டது. ஆம் என்றேன். ஓடும்போது சில அளவுகளை மாற்ற டிரைவ் சம்மதிக்காது. இந்த அளவை மாற்றச் சம்மதிக்கும். அப்படிச் செய்து வைத்தவர்களுக்கும் ஏதோ காரணம் இருந்திருக்கும்.

“ஆச்சுங்களா?” என்றார் மாஸ்டர்.

“ஆச்சுங்க.”

“செரிங்க. வெச்சர்றேன், பாய்லர்காரரு கூப்பிடறாரு.”

எனக்கு முதல் ஐந்து வருடம் தொழில் பழக்கியவர் ஒருவர் இருந்தார். மகா சிடுமூஞ்சி. மூன்று தெரு தள்ளி இருக்கும் மோட்டாராக இருந்தாலும், வேலையைத் தொடங்குமுன் அங்கே நிற்கும் ஆளிடம், “வேகத்தை ஒரு முள்ளு ஏத்து, ஒரு முள்ளு எறக்கு” என்பார். தன் கையிலிருக்கும் மீட்டரில் எது ஏறி இறங்குகிறது என்று பார்ப்பார். “மோட்டாரு மொதல்ல எனக்குத் தலையாட்டோணும். அப்பறந்தான் பேச்சு” என்பார். அதற்கு அரை நிமிடம் ஆகும். டீ ஆறிப்போகாது. நான் அந்த அரை நிமிடத்தைச் செலவு செய்யவில்லை.

செவ்வாய்க்கிழமை மீண்டும் மாஸ்டர் அழைத்தார். குரலில் ஒரு வேகம்.

“சார், கம்ப்யூட்டர்ல யாரு எப்ப ஸ்பீடு ஏத்துனாங்கன்னு பதிவாகுமுன்னு சொன்னீங்கல்ல? சனிக்கிழமைக்கு அதை எடுத்துக் குடுங்க. பத்தாம் நம்பர் ஆப்பரேட்டர் முத்துராஜு பதினொண்ணரை வாக்குல ஸ்பீடை ஏத்தி உட்டு ஒரு லாட்டுத் துணியை நாசம் பண்ணீட்டானுங்க. கொழந்தைக்குப் போடற துணி, எளம் ரோஸு. பூரா கோடு, பூரா திட்டு. அன்னைக்கே ஆளை அனுப்பியாச்சு. அந்தக் கலாட்டாவுல ஒம்பதுல இன்னும் லோடே பண்ணலீங்க. நாளைக்கு லேபர் ஆபீசு அது இதுன்னு போனான்னா காட்டறதுக்கு கையில ஒண்ணு வேணுமுங்க.”

“அவரு ஏன் ஏத்தறாரு?”

“மடத்துக்குளத்துக்காரனுங்க. சனிக்கிழமை ஊருக்குப் போகோணும், ரெண்டு மணிக்கு உட்ருங்கன்னு காலையிலயே கேட்டான். முடியாதுன்னேன். சீக்கிரம் முடிச்சுட்டு ஓடலாம்னு ஏத்தீட்டான். கேட்டா என்ன சொல்றான் தெரியுமுங்களா? ‘நான் வேகம் வெக்கற நாப்பைத் தொடவே இல்லீங்க, ரீலு தன்னால வேகமாச்சு’ங்கறான். தன்னால வேகமாகறதுக்கு அதென்ன சல்லிக்கட்டுக் காளையா?”

முத்துராஜைப் பார்த்திருக்கிறேன். முப்பத்தைந்து வயதிருக்கும். அதிகம் பேசாதவர். கேபிள் இழுத்த நாட்களில் நான் ஏணியில் ஏறும்போதெல்லாம், யாரும் சொல்லாமலே வந்து ஏணியைப் பிடித்துக்கொண்டு நிற்பார். பன்னிரண்டு வருடம் அதே டையிங். தீபாவளிக்கு இரண்டு வாரம்கூட இல்லை. அந்த நேரத்தில் திருப்பூரில் வேலை போவது என்றால் என்ன என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அதைவிட மோசமானது ஒன்று இருந்தது. டையிங் மாஸ்டர்கள் எல்லாரும் ஒரு வாட்ஸ்அப் குழுவில் இருக்கிறார்கள். லாட்டைக் கெடுத்துவிட்டுப் பொய் சொல்கிறான், யாரும் எடுக்காதீர்கள் என்று முத்துராஜின் படத்தோடு அன்றே அதில் போட்டாகிவிட்டது. இனி எந்த டையிங்கிலும் அவர் கேட்டுக்குள் நுழைய முடியாது.

புதன்கிழமை காலை போனேன். மேல்மாடி அலுவலகத்தில் கணினி முன் உட்கார்ந்தேன். பின்னால் முதலாளியும் மாஸ்டரும் நின்றார்கள். பதிவைத் திறந்தேன். சனிக்கிழமை முழுவதற்கும் ஒரே ஒரு மாற்றம்தான் இருந்தது. நேரம் பதினொன்று இருபது. எண் ஒன்பது. உச்ச வேகம் நாற்பதிலிருந்து ஐம்பது. மாற்றியவர் என்ற இடத்தில் என் பெயர்.

பேனலிலுள்ள குமிழை யாராவது திருகினால் இதில் பதிவாகாது. எனவே முத்துராஜுக்கு எதிராக இங்கே எதுவும் கிடைக்காது என்று சொல்லிவிட்டுக் கிளம்பலாம். அதுவும் உண்மைதான். ஆனால் ஒன்பதுக்கு நான் செய்த மாற்றம் பத்தாம் மெஷினின் லாட் கெட்ட நேரத்தோடு ஏன் இப்படி ஒட்டி நிற்கிறது என்று மனதில் ஒன்று இடித்தது.

“ஒரு நிமிசங்க” என்று கீழே இறங்கினேன். கேட்டருகே நின்று விரலை நீட்டி எண்ணினேன். சிறுபிள்ளை மாதிரி, வாய்விட்டு. ஒன்பதாவதாக என் விரல் தொட்ட மெஷினின் நெற்றியில் பத்து என்று எழுதியிருந்தது.

அதன் பேனலைப் பார்த்தேன். வேகக் குமிழ் பாதியில் நின்றது. அந்தக் குமிழ் உச்ச வேகத்தில் எத்தனை பங்கு வேண்டும் என்று மட்டும்தான் சொல்லும். உச்சம் நாற்பதாக இருந்தபோது பாதி என்றால் இருபது. உச்சத்தை நான் ஐம்பதாக்கியதும், தொடாத குமிழ் இருந்த இடத்திலேயே இருக்க, ரீல் இருபத்தைந்துக்குப் போயிருக்கிறது. துணி உள்ளே ஓடிக்கொண்டிருந்தபோது. ரீல் தன்னால்தான் வேகமாகியிருக்கிறது. அவர் கண்ணால் கண்டதைச் சொல்லியிருக்கிறார்.

படிக்கட்டில் ஏறும்போது இடையில் நின்று எங்கள் மேனேஜருக்குப் போன் செய்தேன். என்னைவிட இருபது வயது இளையவர், நல்லவர். விஷயத்தைச் சொன்னேன்.

“சார், எழுத்துல மட்டும் குடுத்துராதீங்க. கெட்டுப்போன துணியை நம்ம தலையில கட்டீருவாங்க. டெக்னிக்கல் இஷ்யூன்னு பொதுவாச் சொல்லி, ஆப்பரேட்டரைத் திரும்ப எடுத்துக்கச் சொல்லுங்க. வாயாலயே முடிச்சுரலாம்.”

அவரைக் குறை சொல்ல மாட்டேன். அவர் இடத்தில் இருபது வருடம் முன்பு நான் இருந்திருந்தால் அதையேதான் சொல்லியிருப்பேன். ஓய்வு பெற ஒன்பது மாதம் இருப்பவனுக்கு உண்மை பேசுவது அவ்வளவு கடினமான காரியமில்லை. உங்களுக்கு முப்பது வருடம் மிச்சமிருக்கிறது, கடினமாகத்தான் இருக்கும். ஆனால் அந்த அறையில் அந்தத் திரையைப் படிக்கத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். நான் சொல்லாவிட்டால் அது யாருக்கும் எப்போதும் தெரியப்போவதில்லை. நம் தொழிலில் பாதி இடங்களில் நம் நிலைமை இதுதான். டாக்டர் சொல்வதை இன்னொரு டாக்டரிடம் கேட்டுக்கொள்ளலாம். திருப்பூரில் டிரைவ்காரன் சொன்னதை யாரிடம் போய்க் கேட்பார்கள்?

மேலே போய் முதலாளியிடம் சொன்னேன். சுற்றி வளைக்கவில்லை. “தப்பு என்னுதுங்க. மாஸ்டர் ஒம்பதுன்னாரு. நான் என்ற கம்ப்யூட்டர்ல இருக்கற ஒம்பதை மாத்தீட்டேன். அது உங்க பத்து. நான் சோமனூர்ல பேக்கரியில உக்காந்துட்டு இதைப் பண்ணுனனுங்க. முத்துராஜு எதையும் தொடலீங்க.”

முதலாளி மாஸ்டரைத் திரும்பிப் பார்த்தார். மாஸ்டர் தரையைப் பார்த்தார்.

“ஏனுங்க,” என்றார் முதலாளி மெதுவாக, “அப்ப அந்தப் பையன் சொன்னது நெசந்தானுங்களா?”

“நெசந்தானுங்க.”

“பன்னெண்டு வருசமா ஒரு பொய் சொன்னதில்லீங்க அவன். அன்னைக்கு மட்டும் சொல்றான்னு எப்படி நம்புனேன்?” பிறகு என்னிடம் திரும்பினார். “எட்டு வேண்டாம்னு நான் சொன்னதால வந்த வினைங்களா இது?”

“இல்லீங்க. வேணும்னு நான் சொன்னதால வந்ததுங்க.”

அதை வேடிக்கைக்காகச் சொல்லவில்லை. ஒரு மெஷினுக்குப் பக்கத்தில் நின்று தினமும் வேலை செய்கிறவர்கள் அதை என்னவென்று கூப்பிடுகிறார்களோ, அதுதான் அதன் பெயர். அவர்கள் அதை ஒன்பது என்றாலும் சரி, குண்டன் என்றாலும் சரி. அந்தப் பெயரைச் சொல்லித்தான் அவசரத்தில் உங்களைக் கூப்பிடப் போகிறார்கள். அவர்கள் காரணம் உங்களுக்குப் பிடித்திருக்க வேண்டும் என்ற அவசியம் இல்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை எல்லா டிரைவ்களின் எண்களையும் சுவரில் இருந்தபடியே மாற்றினேன். என் கணினியிலும் ஏழுக்கு அடுத்து ஒன்பதுதான் வருகிறது. பகுத்தறிவுக்கு ஒன்றும் ஆகிவிடவில்லை.

சர்வீஸ் ரிப்போர்ட் தாளில் நடந்ததை அரைப் பக்கம் எழுதிக் கையெழுத்துப் போட்டு ஒரு பிரதியை முதலாளியிடமும் ஒரு பிரதியை எங்கள் மேனேஜரிடமும் கொடுத்தேன். மேனேஜர் அதை வாங்கி மேஜை டிராயரில் வைத்து மூடினார். கெட்ட லாட்டைத் திரும்ப அடர் நீலமாகச் சாயம் ஏற்றி வேறு ஆர்டருக்கு முதலாளியே சரிக்கட்டிக்கொண்டார் என்று பிறகு கேள்விப்பட்டேன். எங்கள் தலையில் யாரும் எதையும் கட்டவில்லை. ஆனால் எழுதும்போது அது எனக்குத் தெரியாது.

மிச்சமிருந்தது அந்த வாட்ஸ்அப் குழு. மாஸ்டர் தயங்கினார்.

“நான் எப்படிங்க சார் போடறது? நாப்பது மாஸ்டருங்க இருக்கற எடம். அவசரப்பட்டு ஆளைத் தொரத்தீட்டான்னு என்னைப் பேச மாட்டாங்களா?”

“அவரைப் பொய்க்காரன்னு சொன்னப்ப அதே நாப்பது பேருதானுங்களே கேட்டாங்க.”

“சொல்லீட்டா மட்டும் நம்பீருவாங்களா? ஏதோ சமாதானத்துக்குப் போடறேன்னு நெனைப்பாங்க.”

“அப்ப நானே பேசறனுங்க. உங்க போனைக் குடுங்க.”

அவர் போனில் நானே பேசிப் பதிவு செய்தேன். என் பெயர், கம்பெனி பெயர், நாள், நேரம், நான் செய்த தவறு, முத்துராஜ் மேல் எந்தப் பிழையும் இல்லை என்பது. முக்கால் நிமிடம். அனுப்பும் பொத்தானை அழுத்தியவர் மாஸ்டர்தான். அழுத்திவிட்டு, போனை மேஜையில் கவிழ்த்து வைத்தார். ஐந்து நிமிடம் கழித்து எடுத்துப் பார்த்தார். கீழே அவரும் ஒரு வரி சேர்த்தார்: “நானும் விசாரிக்காமப் போட்டுட்டேன்.” அதை எழுதச் சொல்லி யாரும் அவரைக் கேட்கவில்லை. அவர் மேல் எனக்கு அன்றிலிருந்து மரியாதை கூடியது.

பழிச்சொல் எந்த இடத்தில், எந்தக் குரலில் சொல்லப்பட்டதோ, அதே இடத்தில் அதே குரலில் திருத்தத்தையும் சொல்ல வேண்டும். கூடத்தில் திட்டிவிட்டுக் காதோடு மன்னிப்புக் கேட்பது வீட்டிலும் எடுபடாது, தொழிலிலும் எடுபடாது.

முத்துராஜ் போனை எடுக்கவில்லை. முதலாளி அழைத்தும் எடுக்கவில்லை. மாஸ்டர் அழைத்ததும் எண்ணையே தடுத்துவிட்டார். வெள்ளிக்கிழமை நானே மடத்துக்குளத்துக்குப் பஸ் ஏறினேன்.

கரும்புத் தோட்டங்களைத் தாண்டி ஒரு சிறிய ஓட்டு வீடு. அவர் மனைவி வெளியே வந்தார். நான் யார் என்று சொன்னதும் முகம் இறுகிவிட்டது. இருந்தும் ஒரு நாற்காலியைக் கொண்டுவந்து வேப்பமரத்தடியில் போட்டார்.

“ஊட்டுக்கு வந்தவிங்களை நிக்க வெச்சுப் பேசற பழக்கம் இல்லீங்க,” என்றார். “உள்ள வாங்கன்னு கூப்பட மனசும் வல்லீங்க.”

“இதுவே போதுமுங்க. அவரு இருக்காருங்களா?”

“கரும்பு வெட்டப் போயிருக்காருங்க. இருந்தாலும் பேச மாட்டாருங்க.” மோர் கொண்டுவந்து கொடுத்தார். “ஏனுங்க, கம்ப்யூட்டர் பண்ணுன தப்புக்கு மனுசனை வெளிய அனுப்பீட்டீங்க. மனுசன் பண்ற தப்புக்கு ஒருக்காவாச்சும் கம்ப்யூட்டரை வெளிய அனுப்பிச்சிருக்கீங்களா?”

“கம்ப்யூட்டர் பண்ணலீங்க. நான் பண்ணுனது.”

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். அதற்குப் பதில் எதிர்பார்த்திருக்க மாட்டார் என்று நினைக்கிறேன்.

“பையன் கேட்டானுங்க,” என்றார் பிறகு. “அப்பா, நீ பொய் சொன்னியான்னு. பள்ளிக்கொடத்துல எவனோ போன்ல பாத்துட்டுச் சொல்லியிருக்கான். அன்னைக்கு இவரு சோறு உங்கலீங்க.”

எழுதிக் கொண்டுபோயிருந்த கடிதத்தைக் கொடுத்தேன். ஒரு பக்கம்கூட இல்லை. ரீல் தன்னால் வேகமானது என்று நீங்கள் சொன்னது உண்மை; அதை வேகமாக்கியவன் நான்; உங்கள் மாஸ்டரும் முதலாளியும் நான் சொன்னதைக் கேட்டு எல்லாருக்கும் அதைத் தெரியப்படுத்திவிட்டார்கள்; உங்கள் இடம் அப்படியே இருக்கிறது. கீழே என் எண். வாங்கிப் படித்தார். “பையனுக்கும் இதைப் படிச்சுக் காட்டறனுங்க” என்றார். அது போதும் என்று நினைத்துக்கொண்டு பஸ் ஏறினேன். போதவில்லை என்பது வாரங்கள் போகப் போகத் தெரிந்தது. பதில் வரவே இல்லை.

தீபாவளி போனது. முதலாளி அவருக்குரிய போனஸை வீட்டுக்கே கொடுத்தனுப்பினார், வாங்கிக்கொண்டார், வரவில்லை. கார்த்திகை போனது. பத்தாம் மெஷினில் மாற்றி மாற்றி யாராவது நின்றார்கள்.

“ரோசக்காரன்,” என்றார் மாஸ்டர். “நானா இருந்தாலும் வந்திருக்க மாட்டேனுங்க.”

முதலாளி என்னிடம் ஒருநாள் சொன்னார்: “பொங்கலுக்கு ஊருக்குப் போறவிங்க திரும்பி வர்ற வரைக்கும் அவன் எடத்துல நிரந்தரமா ஆளைப் போட மாட்டேனுங்க சார். அதுக்கு மேல இழுத்தா மத்தவிங்களுக்குச் செரமம்.”

நியாயம்தான். பொங்கலுக்குத் திருப்பூர் காலியாகும். பிறகு யார் எங்கே வேலைக்குச் சேர்கிறார்கள் என்று புதிதாகக் கலைத்துப் போட்டது போல இருக்கும். டையிங் இருபதாம் தேதி திறப்பதாக இருந்தது. அதற்குள் வராவிட்டால் வரமாட்டார். நான் எண்ணாத நாளில்லை. ஒரு மன்னிப்பை எழுதிக் கொடுத்துவிட்டால் உடனே ரசீது வந்துவிடும் என்று எனக்கும் ஓர் எதிர்பார்ப்பு இருந்திருக்கிறது. எதிரிலிருப்பவர் அதை எடுத்துக்கொள்வதற்கு ஆகும் காலம் அவருடையது. நாம் அவசரப்படுத்தக் கூடாது. இதையும் எந்தக் கையேட்டிலும் நான் எழுதவில்லை.

பொங்கல் முடிந்து, டையிங் திறப்பதற்கு முதல் நாள், மதியச் சாப்பாட்டு நேரத்தில் வாட்ஸ்அப்பில் ஒரு குரல் பதிவு வந்தது. தெரியாத எண். பின்னால் கரும்பு லாரியின் இரைச்சல்.

“சார், முத்துராஜ் பேசறனுங்க. உங்க லெட்டரைப் பையன் நாலு வாட்டி படிச்சுட்டானுங்க. கோவம் முழுசாப் போகலீங்க. பொய் சொல்லப் போறதில்லை. ஆனா வர்றனுங்க. ஒண்ணே ஒண்ணு கேக்கறனுங்க. பேனல்ல ஒரு சாவி வெச்சுக் குடுங்க. துணி ஓடறப்ப, நான் சாவியைத் திருப்புனாத்தான் உங்க கம்ப்யூட்டர் அந்த மெஷினுக்குள்ள வரோணும். திருப்பலைன்னா வெளியதான் நிக்கோணும். எனக்கு மட்டுமில்லீங்க, வரிசையில இருக்கற எல்லா மெஷினுக்கும். அப்படிப் பண்ண முடியுமுங்களா? முடியும்னு சொன்னீங்கன்னா சாயங்கால பஸ்ஸுக்கு ஏறிர்றேன்.”

முடியும். வெளியிலிருந்து வரும் மாற்றங்களைத் தடுக்க ஒவ்வொரு டிரைவிலும் ஒரு முனை இருக்கிறது. இரண்டு கம்பியும் சாவி போட்டுத் திருப்பும் ஒரு சுவிட்சும் போதும். முப்பத்து நான்கு வருடமாக நான் பொருத்திய ஒவ்வொரு டிரைவிலும் அந்த முனையைக் காலியாகவே விட்டு வந்திருக்கிறேன். எந்தப் படிப்பும் எந்தப் பயிற்சியும் என்னை அதைப் பயன்படுத்த வைக்கவில்லை. மெஷினுக்கு முன்னால் நிற்கும் மனிதர் கரும்புக் காட்டில் மூன்று மாதம் யோசித்து அதைக் கேட்டார். நீங்கள் இப்போது புதிதாகப் போடும் ஒவ்வொரு பேனலிலும் அந்தச் சாவி இருக்கிறது. யார் வைத்தது என்று கேட்டீர்கள் என்பதால்தான் இவ்வளவும் சொன்னேன்.

பஸ் ஏறச் சொல்லிப் பதில் அனுப்பினேன். கடைக்குப் போய்ப் பதினொரு சாவிகள் வாங்கினேன். அவர் குரல் வந்து சேர்ந்தது ஜனவரி பத்தொன்பதாம் தேதி, முதலாளி வைத்த கெடு முடிய ஒரே ஒரு நாள் இருந்தபோது.